கனத்த ஷூவுக்கு கியர் லிவர் உயரம் சரி பண்ணுவது – கேள்வி பதில்

வணக்கம். கிருஷ்ணகிரியில ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் 22 வருஷமா டூவீலர் பட்டறை வச்சிருக்கேன். பூட்ஸ் வாங்கினவங்க, சேஃப்டி ஷூ போடறவங்க எல்லாரும் ஒரே குறையைத்தான் சொல்றாங்க: ஷூ முனை லிவருக்கு அடியில போகமாட்டேங்குது. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அதை மட்டும் பேசலாம். கேளுங்க.

ஓசூர்: அண்ணா, சிப்காட்ல வேலை. சேஃப்டி ஷூவோடதான் போய் வர்றேன். இரும்பு முனை லிவருக்கு அடியில இடிக்குது. ரெண்டாவது போட்டா பாதி நேரம் நியூட்ரல்ல நிக்குது. கிளட்ச் பிளேட் மாத்தணும்னு சொல்றாங்க.

கிளட்ச்சுல கை வைக்காதீங்க தம்பி. முதல்ல சாதாரண செருப்போட தெருவுக்குள்ள ஒரு சுத்து போய்ப் பாருங்க. கியர் சரியா விழுந்துச்சுன்னா குறை லிவர் உயரத்துலதான். ஒண்ணாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுலதான் நியூட்ரல் இருக்கு. லிவர் முழுசா ஏறலைன்னா அங்கதான் நிக்கும்.

அளவு எடுக்கறது இப்படி. தினமும் போடற அதே ஷூவை மாட்டிக்கிட்டு வண்டி மேல உட்காருங்க. பாதம் ஃபுட்ரெஸ்ட்டுல இருக்கட்டும். ஷூ முனை லிவருக்கு அடியில தாராளமா நுழையணும், அதுக்கு மேல ஒரு விரல் இடம் இருக்கணும். காலைத் தூக்காம கணுக்காலை அசைச்சே கியர் ஏறணும், இறங்கணும். ஏறுது ஆனா இறங்கலைன்னா ரொம்ப உயர்த்திட்டீங்கன்னு அர்த்தம்.

லிவர் நேரா சாஃப்ட்ல, அதாவது இன்ஜின்ல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற தண்டுல மாட்டியிருந்தா, பிடிக்கற இடத்துல ஒரு போல்ட் இருக்கும். பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். கழட்டறதுக்கு முன்னாடி லிவர்லயும் சாஃப்ட்லயும் சேர்ந்தாப்ல மார்க்கரால ஒரு கோடு போட்டுக்குங்க. போல்ட்டை லூஸ் பண்ணினா மட்டும் லிவர் வராது, முழுசா உருவணும். சாஃப்ட்ல ஒரு வெட்டு இருக்கும், போல்ட் அதுக்குள்ள உக்காந்திருக்கும். பல பேர் இது தெரியாம இழுத்து, வரலைன்னதும் சுத்தியலை எடுக்கறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். லிவர்ல விழற அடி சாஃப்ட் வழியா உள்ள போகும். ஆயில் சீல் ஒழுகும். சாஃப்ட் வளைஞ்சா இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். துரு இறக்கற எண்ணெய் விட்டு கொஞ்ச நேரம் ஊற விடுங்க, லிவர் சாஃப்டைப் பிடிக்கற இடத்துல இருக்கற பிளவுல ஸ்க்ரூ டிரைவர் வச்சு லேசா விரிச்சு, ஆட்டி ஆட்டி இழுங்க.

சாஃப்டைச் சுத்தியும் லிவர் ஓட்டைக்குள்ளயும் பல்லு பல்லா வரி இருக்கும். அதுல ஒரே ஒரு பல் மேல ஏத்தி மாட்டுங்க. பார்க்க சின்னதா தெரியும், ஆனா லிவர் நுனியில விரல் கனத்துக்கு மேலயே ஏறிடும். போல்ட்டை உயிரைக் கொடுத்து முறுக்காதீங்க. 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும், மீறினா மரை போயிடும். அப்புறம் சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால சுத்திக்கிட்டே எல்லா கியரும் ஏத்தி இறக்குங்க. லிவர் சைடு ஸ்டாண்டுலயோ இன்ஜின் மூடியிலயோ எங்கயும் தட்டக்கூடாது. 50 கி.மீ. ஓடினதும் போல்ட்டை இன்னொரு தடவை டைட் பாருங்க. லூசா ஓடினா லிவர் பல்லு மழுங்கிடும்.

பாலக்கோடு: என் வண்டியில லிவருக்கும் சாஃப்ட்டுக்கும் நடுவுல ஒரு ராடு இருக்கே?

உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். ராடோட ரெண்டு நுனியிலயும் லாக் நட்டு இருக்கும். ஒண்ணு எதிர் மரை, அதனால திறக்கற திசையும் எதிர். ரெண்டையும் லூஸ் பண்ணி ராடை அரைச் சுத்து திருப்பி, உட்கார்ந்து பாருங்க, மறுபடி அரைச் சுத்து. பல் கணக்கு இல்லாம நூல் பிடிச்ச மாதிரி வைக்கலாம். ரெண்டு நுனியிலயும் மரை போதுமான ஆழத்துக்கு உள்ள இருக்கணும். நுனியில தொங்கற மாதிரி விட்டுட்டா ஓடும்போது கழண்டுடும்.

தர்மபுரி: முன்னும் பின்னும் மிதிக்கற லிவர். முன்னாடி ஏத்தினா குதிகால் பக்கம் இறங்கிடுது. பின்பக்கத்தை வெட்டிடலாமா?

வெட்ட வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஓசூர்: அண்ணா, என் பழைய வண்டியில வெட்டிட்டுதான் ஓட்டினேன். ஒண்ணும் ஆகலையே.

அரூர்: அவர் சொல்றது அவருக்குச் சரி. நான் டீச்சர், குதிகால்லதான் கியர் மாத்துவேன். முன்னாடி தூக்கினா ஷூ மேல கருப்பா கோடு விழுது. அதையே வெட்டச் சொன்னா எப்படி?

பென்னாகரம்: ஒகேனக்கல் மலைப் பாதையில 30 வருஷமா போய் வர்றேன். குதிகால் இல்லாம என்னால ஓட்டவே முடியாது.

ஓசூர்: ஐயா, நீங்க செருப்பு. நான் 11 நம்பர் ஷூ. ரெண்டு மிதிக்கும் நடுவுல என் காலே அடங்கல, மேடு பள்ளத்துல தானா குதிகால் பட்டு கியர் மாறிடுது.

ஓசூர் தம்பி சொன்னது முக்கியமான விஷயம், அதுக்கு நான் இறங்கி வர்றேன். இந்த லிவர்ல பிரச்சனை உயரம் மட்டும் இல்ல, நீளமும்தான். பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டுல வச்சா குதிகாலுக்கும் பின் மிதிக்கும் நடுவுல ஒரு விரல் இடமாவது வேணும். இல்லைன்னா உங்க காலுக்கு அந்த லிவர் ஆகாது. அப்பவும் வெட்டாதீங்க. வெட்டின முனை ஷூவைக் கிழிக்கும், விழுந்தா காலைக் கிழிக்கும். முன் மிதி மட்டும் இருக்கற லிவர் தனியா கிடைக்குது. பழசைக் கையில கொண்டுபோய் பல்லு ஒத்துப்போகுதான்னு பார்த்து வாங்குங்க. பழசைப் பத்திரமா வைங்க, வண்டியை விக்கும்போது மாட்டிக்கலாம்.

பென்னாகரம் ஐயா, டீச்சரம்மா, உங்க ரெண்டு பேருக்கும் இப்ப இருக்கறதே சரி. மாத்த வேண்டாம்.

காவேரிப்பட்டணம்: எந்த பூட்ஸ் நல்லா இருக்கும்?

கடையில கேளுங்க. வாங்கும்போது கணுக்கால் மடங்குதான்னு மட்டும் பாருங்க.

தேன்கனிக்கோட்டை: ரோஜாத் தோட்டத்துல வேலை, கம்பூட்ஸோட ஓட்டலாமா?

வேண்டாம் தங்கச்சி. ஈரத்துல வழுக்கும், முனை தொளதொளன்னு இருக்கும். பையில போட்டுட்டுப் போங்க.

ஊத்தங்கரை: ஒரு பல் ஏத்தினா கியர்பாக்ஸ் போயிடுமா?

போகாது. லிவரோட கோணம்தான் மாறுது, உள்ள எதுவும் மாறல.

மத்தூர்: கீழ விழுந்து லிவர் வளைஞ்சிருக்கு. வண்டியிலயே தட்டி நிமிர்த்தலாமா?

மேல சொல்லியிருக்கேன், படிச்சுட்டுக் கேளுங்க. சாஃப்ட்ல மாட்டியிருக்கும்போது சுத்தியல் படவே கூடாது. கழட்டி வைஸ்ல பிடிச்சு நிமிர்த்துங்க. அலுமினிய லிவர்னா நிமிர்த்தவே வேண்டாம், உடையும். புதுசு வாங்குங்க.

பர்கூர்: ஏத்தினா கியர்பாக்ஸ் கெடுமாண்ணா?

ஊத்தங்கரைக்காரருக்குச் சொன்ன பதில்தான். கியர்பாக்ஸைக் கெடுக்கறது வேற. ஓடும்போது கனத்த ஷூவை லிவர் மேலயே சாய்ச்சு வச்சிருக்கறது. ஷூ கனத்துல கால் படறதே தெரியாது, உள்ள கியரை நகர்த்தற ஃபோர்க் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும்.

தர்மபுரி: தொப்பூர் கணவாய் வழியா சேலம் போவேன். பூட்ஸ் போட்டா பின் பிரேக் பிடிக்கறதும் தெரிய மாட்டேங்குது.

நல்லவேளை கேட்டீங்க, கியரை மட்டும் சரி பண்ணிட்டு பிரேக் மிதியை எல்லாரும் மறந்துடறாங்க. அந்த இறக்கத்துல கியரைக் குறைச்சு இன்ஜின் இழுவையிலதான் இறங்கணும். ஷூ கனத்துல லிவர் பாதி இறங்கி நியூட்ரல்ல நின்னா வண்டி ஓட ஆரம்பிச்சிடும். முன்னாடி லாரி இருந்தா யோசிக்கவே நேரம் இருக்காது. லிவர் உயரம் அங்கதான் உயிர் விஷயம்.

பிரேக் மிதியை உயர்த்தினா மூணு பாருங்க. டிரம் பிரேக்னா மிதிக்கு 20–30 மி.மீ. விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சும்மா இறங்கற தூரம் இருக்கணும். மிதிக்காதப்ப சக்கரம் தடையில்லாம சுத்தணும். மிதிச்சதும் பின் விளக்கு எரியணும், எரியலைன்னா சுவிட்ச்சையும் சேர்த்து நகர்த்துங்க. பூட்ஸோட முதல் தடவை கணவாய் பக்கம் போகாதீங்க. ரெண்டு நாள் ஊருக்குள்ள ஓட்டிப் பழகுங்க.

ஓசூர்: அண்ணா, இப்பவே ஒரு பல் ஏத்தி மாட்டிட்டேன். ரெண்டாவது சுத்தமா விழுது!

சந்தோஷம் தம்பி. நாளைக்கு டியூட்டி முடிஞ்சு வந்ததும் அந்த போல்ட்டைப் பாருங்க.