குன்னூர் பங்களாவுக்கு டைல்ஸ் போடலாமா?

கேள்வி: குன்னூரில் என் தாத்தா 1950களில் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரியிடம் கிரயம் வாங்கிய பங்களா இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம். தாத்தா, அப்பா இருவருமே உயில் எழுதவில்லை, அம்மாவும் இப்போது இல்லை. நானும் தம்பியும்தான், தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். விற்கலாம் என்றால் தரகர், "மரத்தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போடுங்கள், சுவருக்கு சிமென்ட் பூசுங்கள், விலை ஏறும்" என்கிறார். செய்யலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரை வேண்டுமென்றால் கோவையிலேயே ஃபிளாட் வாங்கிக்கொள்வார்கள், அந்த மரத்தரைக்காகத்தான் மலையேறி வருகிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் ஓதம் காத்து, பூச்சு உப்பிக்கொண்டு விழும். ஒழுகலை அடைத்து, கரையான் பார்த்து, மழைநீர் வாய்க்காலைச் சுத்தம் செய்தால் போதும்.

சரி, சுவரை விடுங்கள். "நானும் தம்பியும்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் இடிக்கிறது. உங்களுக்கு அத்தை யாராவது உண்டா? இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: தாத்தா சொந்தமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை, 1956 வாரிசுச் சட்டம் வந்த பிறகு தவறியிருக்கிறார் என்றால் அவருடைய மகள்களுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு உண்டு. 1989, 2005 திருத்தங்கள் பூர்வீகச் சொத்து பற்றியவை, தாத்தா சொந்தமாக வாங்கியது வேறு. பல வீடுகளில் இரண்டையும் போட்டுக் குழப்பி, அந்தத் திருத்தங்களுக்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களுக்கு எதுவும் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அத்தையோ, அவர் இறந்திருந்தால் அவர் வாரிசுகளோ விற்பனையில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவர்களிடம் முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது) வாங்க வேண்டும். அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகு போய்க் கேட்டால், கேட்கிற விதமும் பதிலும் வேறாகத்தான் இருக்கும். வில்லங்கச் சான்று ஆன்லைனில் பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான் கிடைக்கும், அதற்கு முந்தையதற்குப் பதிவு அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வேண்டும், கையோடு தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாக யாராவது பெரிய விலை சொன்னால் மயங்காதீர்கள். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள் என்று கட்டுப்பாடு இருக்கிறது, மலைப்பகுதி என்பதால் அனுமதிகளும் கூடுதல், மரம் வெட்டுவதற்கே 1955லிருந்து தனிச் சட்டம். கணக்குப் பார்த்ததும் ஆள் விலகிவிடுவார், உங்களுக்கு ஒரு வருஷம் போயிருக்கும்.

வரிக்கு, 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை (அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல்) வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள். இந்தியாவில் வசிக்கும் உங்களுக்கு லாபத்தில் 12.5 சதவீதம் அல்லது பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம், எது குறைவோ அது. தம்பிக்கு அந்தத் தேர்வு இல்லை. அவர் பங்குக்கு வழக்கமான 1 சதவீத டிடிஎஸ்ஸும் (வாங்குபவர் விலையிலிருந்து பிடித்துக் கட்டும் வரி) பொருந்தாது, வாங்குபவர் அதிகமாகப் பிடிப்பார், குறைவாகப் பிடிக்கச் சொல்லி வருமான வரித்துறையில் முன்கூட்டியே சான்றிதழ் கேட்கலாம். அவர் பவர் அனுப்பினால் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள்.

அப்புறம், ஏப்ரல் மே சீசனில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவருக்கு, ஐப்பசி கார்த்திகையில் எந்த அறை ஒழுகும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறையை மறைக்கக் கூடாது என்று 1882 சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது (அதுவும் விக்டோரியா காலத்ததுதான்!).

கேள்வி: பங்களாவை விற்கும் முன் கணப்படுப்பின் இரும்புச் சட்டம், பித்தளைக் கைப்பிடிகள், ரோஸ்வுட் பீரோ இவற்றைத் தனியாக விற்கலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: பீரோவைத் தாராளமாக விற்கலாம். சுவரிலும் கதவிலும் பொருத்தியவை வீட்டோடு சேர்ந்தவை, பார்க்க வந்தவர் அவற்றையும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருப்பார். எது போகும், எது இருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டு விற்பனை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள், கழற்றுவதாக இருந்தால் வீட்டைக் காட்டும் முன்பே கழற்றிவிடுங்கள்.