பிரான்சியம்: பிள்ளைகள் கேட்ட நாலு கேள்விகள்

சீசியமே தண்ணீரில் வெடிக்கிறதென்றால், பிரான்சியத்தைக் குளத்தில் போட்டால் என்ன நடக்கும்? (கிளிநொச்சி, ஏ.எல். மாணவன்)

பிரான்சியம் என்பது ஆவர்த்தன அட்டவணையில் சீசியத்தின் அதே கூட்டத்தில், அதற்கு நேர் கீழே இருக்கும் கதிர்த்தொழிற்பாட்டு உலோகம். ஆனால் போடுவதற்குக் கட்டி வேண்டுமே தம்பி. இயற்கையில் பெரும்பாலும் கிடைப்பது பிரான்சியம் 223 என்ற சமதானிதான், அதன் அரைவாழ்வுக்காலம் (பாதி அணுக்கள் சிதைய எடுக்கும் நேரம்) ஏறத்தாழ 22 நிமிடம், மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் போய்ச் சேருவதற்குள் பாதிக்குமேல் ரேடியமாக மாறியிருக்கும். ஒரு கிராம் சேர்த்தாலும் தன் சூட்டிலேயே ஆவியாகிவிடும். கண்ணால் பார்க்கும் அளவுக்கு யாரும் இதுவரை சேர்த்ததில்லை.

கூட்டத்தில் கீழே போகப் போகத் தாக்குதிறன் கூடும் என்றுதானே படித்தோம், அப்போ இதுதானே முதலிடம்? (வவுனியா)

நானும் பல வருடம் அப்படித்தான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டேன். ஆனால் முதலாம் அயனாக்கற்சக்தியை, அதாவது அணுவிலிருந்து முதல் இலத்திரனைப் பிரிக்கத் தேவையான சக்தியைப் பாருங்கள்: சீசியத்துக்கு 3.89 இலத்திரன்வோல்ட், பிரான்சியத்துக்கு 4.07. கருவில் 87 புரோத்தன் இருப்பதால் உள்ளே நெருங்கி வரும் இலத்திரன்களின் வேகம் மிக அதிகம், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி கடைசி இலத்திரன் இருக்கும் 7எஸ் ஓடு கொஞ்சம் சுருங்கி, கடைசி இலத்திரனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சீசியம்தான் இலத்திரனை இலகுவாக விடும். இதை வகுப்பில் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை, அட்டவணையின் போக்கு எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் இருக்கிறது என்பதும் விளங்கும்.

எங்கட கடற்கரைக் கறுப்பு மணலில் இது இருக்குமா? (கொக்கிளாய்)

நல்ல கேள்வி. புல்மோட்டைப் பக்க மணலில் இல்மனைட், ரூட்டைல், சர்க்கோனோடு சிறிதளவு மொனசைட்டும் உண்டு. மொனசைட்டின் தோரியத்திலிருந்து இது வராது, யுரேனியம் 235 வேண்டும். இந்தக் கனிமங்களில் யுரேனியம் சொற்பம், அதிலும் 235 நூற்றுக்கு ஒன்றுகூட வராது. அது படிப்படியாகச் சிதைந்து அக்டினியம் 227 ஆகிறது, அப்புறம் நூறு அக்டினியம் அணுக்களில் ஒன்றோ இரண்டோதான் அல்பா துணிக்கையை விட்டுப் பிரான்சியமாகும். ஆகவே சில அணுக்கள் வந்து வந்து போகும். பிரித்தெடுக்கலாம் என்று மட்டும் யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

கண்டுபிடித்தது யார்? (முல்லைத்தீவு)

மார்கரித் பெரே, 1939, பாரிஸ் கியூரி ஆய்வுகூடம். 19 வயதில் மேரி கியூரியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர், கண்டுபிடித்தபோது பட்டம்கூட இல்லை. அக்டினியத்தைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தபோது எதிர்பாராத கதிர்த்தொழிற்பாடு வந்ததைக் கவனித்து, அதை விடாமல் துரத்தினார். 1962இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்குத் தொடர்பு உறுப்பினராகத் தெரிவான முதல் பெண் இவர்தான், மேரி கியூரிக்கே அங்கே இடம் கொடுக்கவில்லை. 1975இல் புற்றுநோயால் இறந்தார்.