வெட்டிய மரத்தை வெளியே கொண்டுவர எந்த இயந்திரம்?

*வாசகர் கேள்வி – பதில்*

கேள்வி: என்னிடம் 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. சராசரி விட்டம் 35 செ.மீ., நீளம் 12 மீட்டர் உள்ள மரங்களைத் துண்டு போடாமல் இழுத்துவர வேண்டும். பின்னால் மாட்டும் வின்ச் (கம்பிக் கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி) 4 டன் போதுமா? 6 டன் வாங்கிவிட்டால் கவலையில்லை என்கிறார்களே?

பதில்: முதலில் தடியின் எடையைக் கணக்கிடுங்கள். நடுவிட்டத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.785ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் கன மீட்டர் வரும். உங்கள் மரத்துக்கு 0.35 × 0.35 × 0.785 × 12 = சுமார் 1.15 கன மீட்டர். பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு தடி 1.15 டன்.

சமதரையில் முழுத்தடியையும் மண்ணோடு இழுக்க அதன் எடையில் முக்கால் பங்கு விசை தேவைப்படும். 100 மீட்டருக்கு 30 மீட்டர் உயரும் ஏற்றம் என்றால் இன்னும் 0.3 பங்கு கூடும். அப்போதும் 1.2 டன்தான். ஆனால், தடியின் முனை ஓர் அடிக்கட்டையில் முட்டிக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் உடைந்துபோகும். தேவை இரண்டு, மூன்று மடங்காகிவிடும்.

விற்பவர் சொல்லும் 4 டன் என்பது பெரும்பாலும் உருளையில் கயிறு ஒரே சுற்று அடுக்காக இருக்கும்போது கிடைப்பது. கயிறு சுற்றச் சுற்ற உருளையின் விட்டம் பெருகி, இழுவிசை குறையும். உருளை நிறையும்போது 2.5 டன் அளவுக்கு இறங்கிவிடலாம். வாங்கும்போது இரண்டு எண்களையும் கேளுங்கள். அப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு 4 டன் போதும். 10 எச்.பி.க்கு 1 டன் என்ற நடைமுறைக் கணக்கும் அதையே சொல்கிறது.

6 டன் வேண்டாம் என்று சொல்லக் காரணம் விலை அல்ல. வின்ச்சின் எடையும் தடியின் இழுப்பும் சேர்ந்து டிராக்டரின் பின்பக்கத்தை அழுத்தும், முன்சக்கரம் தூக்கும். மொத்த எடையில் குறைந்தது 20 சதவீதம் முன் அச்சில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பேசாது. வின்ச்சை மாட்டி, எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். குறைந்தால் முன்னால் எடைக்கட்டி போடுங்கள்.

கம்பிக் கயிற்றின் அறுபடும் வலு, வின்ச்சின் இழுவிசையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். இழுக்கும்போது வின்ச்சின் அடித்தகட்டைத் தரையில் ஊன்றி, டிராக்டர் தடிக்கு நேர் எதிரே நிற்கும்படி நிறுத்துங்கள். பக்கவாட்டில் இழுத்தால் வண்டி கவிழும். வின்ச் ஆபத்துகளில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான்.

கேள்வி: குறுக்கே மரங்கள் நிற்பதால் நேராக இழுக்க வழியில்லை. கப்பி போட்டுத் திருப்பலாமா?

பதில்: திருப்பலாம். ஆனால் கப்பியைக் கட்டும் மரத்தில் விழும் விசையைக் கணக்கில் எடுங்கள். கயிறு 90 டிகிரி திரும்பினால் இழுவிசையைப் போல 1.4 மடங்கு, முழுக்கத் திரும்பினால் 2 மடங்கு. 4 டன் வின்ச்சுக்கு 5.6 முதல் 8 டன் வரை. கப்பி, கொக்கி, அதைக் கட்டும் பட்டை மூன்றும் அதைத் தாங்க வேண்டும். பட்டையை அடிமரத்தில் தரையை ஒட்டிக் கட்டுங்கள். மேலே கட்டினால் மரம் நெம்பிச் சாயும். கயிறு வளையும் உட்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, கப்பி பிய்த்துக்கொண்டால் கயிறு அங்கேதான் பாயும்.

கேள்வி: இழுத்து வருவதைவிட, கிரேன் வைத்த மர டிரெய்லர் மேலா?

பதில்: தூரம் அதிகமானால் டிரெய்லர். சில நூறு மீட்டருக்கு மேல் தடியைத் தரையோடு இழுத்தால் பாதை உழுதுபோட்டதுபோல் ஆகிவிடும். பட்டைக்குள் மண்ணும் கல்லும் ஏறி, அறுவை மில்லில் பிளேடு மழுங்கும். தடி சுத்தமாக வருவதே டிரெய்லரின் பெரிய ஆதாயம். பதிலுக்கு, மரத்தை முதலிலேயே 3, 4 மீட்டர் துண்டுகளாக அறுக்க வேண்டும். நீளத்தடியாக விற்பவருக்கு இது ஒத்துவராது.

வாங்கும்போது, கை முழுதாக நீண்ட நிலையில் கிரேன் எவ்வளவு தூக்கும் என்று கேளுங்கள். 40 செ.மீ. விட்டம், 4 மீட்டர் நீளத் துண்டு ஒன்றே அரை டன் இருக்கும். பக்கத்துக்கு இரண்டிரண்டு சக்கரங்கள் ஆடும் சட்டத்தில் இருப்பது நல்லது. ஒரு சக்கரம் கட்டையில் ஏறினாலும் வண்டி அந்த உயரத்தில் பாதிதான் தூக்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் சரிவில் இறங்காதீர்கள், சுமை டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: ஈரநிலம், அங்கங்கே செங்குத்துச் சரிவு. சின்ன அளவில்தான் வேலை. என்ன செய்யலாம்?

பதில்: டிராக்டரை உள்ளே விடாமல் பாதையிலேயே நிறுத்திக் கயிற்றை மட்டும் அனுப்புங்கள். முதல் சில ஓட்டங்களிலேயே மண் பெருமளவு இறுகிவிடுகிறது. அதனால், உள்ளே போயே ஆக வேண்டுமென்றால், புதுத்தடம் போட்டுப் பரப்பாமல் ஒரே தடத்தில் போய் வாருங்கள். கழித்த கிளைகளை அந்தத் தடத்தில் தடிமனாகப் பரப்பினால் பாரம் பரவும்.

தடிகள் சிறியவை என்றால், கையில் தூக்கிச் செல்லும் பெட்ரோல் வின்ச் போதும். எடை 20 கிலோவுக்குள்தான், இழுவிசை சுமார் 1 டன், கப்பியைத் தடியில் மாட்டிக் கயிற்றை மடக்கி இழுத்தால் அதைப் போல ஏறக்குறைய 2 மடங்கு. கயிறு உருளையில் தங்காமல் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு வெளியே வந்துவிடுவதால் எவ்வளவு நீளக் கயிறும் போடலாம். வேகம் குறைவு, பொறுமை வேண்டும். தடியின் முகத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினால் கட்டை, வேர்களில் முட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும்.

கேள்வி: பழைய வின்ச் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கயிற்றை முழுக்கக் கழற்றச் சொல்லுங்கள். உள் அடுக்குகளில்தான் நசுங்கலும் முறுக்கு மடிப்பும் ஒளிந்திருக்கும். பாரத்தோடு இழுத்து நடுவில் விட்டுப் பாருங்கள், பிரேக் பிடிக்காமல் தடி நழுவினால் லைனிங் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் தட்டில் எண்ணெய்க் கசிவு, டிராக்டரின் சுழற்சியை வின்ச்சுக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ. தண்டின் மூடி, ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள வலைத் தடுப்பு ஆகியவற்றையும் பாருங்கள். மூடியோ வலையோ இல்லாவிட்டால் அவற்றை மாட்டிய பிறகே முதல் மரத்தை இழுங்கள்.