அம்மாவை சோளிங்கர் ரோப் காரில் ஏற்றலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, முட்டித் தேய்மானம். சோளிங்கர் நரசிம்மரைப் பார்க்கணும்னு ஆசை. ரோப் கார் வந்துடுச்சேன்னா, "பழனியில விழுந்துச்சே" என்று பயப்படுறாங்க. நம்பி ஏத்தலாமா? – வியாசர்பாடி வாசகர்

பதில்: தாராளமாக ஏற்றலாம். ஆனால் அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். பழனியில் 2004-ல் ரோப் கார் ஓடத் தொடங்கியது. 2007 ஆகஸ்டில் நடந்த விபத்தில் உயிர்கள் போயின. மாற்றங்கள் செய்து, 2009-ல்தான் மறுபடி ஓட விட்டார்கள்.

பெட்டியைத் தாங்கி இழுப்பது ஒயர் ரோப், அதாவது எஃகுக் கயிறு. அதைப் பற்றி ஹார்பரில் கிரேன் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள். வடசென்னையில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். காட்டன் வேஸ்டை, அதாவது கழிவு நூலை, கையில் சுற்றி ரோப் மேல் மெதுவாக ஓட்டுவார்கள். நூல் எங்காவது மாட்டினால் அங்கே ஒரு கம்பி அறுந்து முள்ளாக நிற்கிறது. உடனே முழு ரோப்பும் போய்விடாது. மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கிப் புரியாக்கி, புரிகளை மறுபடி முறுக்கியது அது. ஒன்று போனாலும் மற்றவை தாங்கும், மாற்றுவதற்கு நாள் கிடைக்கும். 1834-ல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் கொண்டுவந்த உத்தி. அதற்குமுன் இருந்த சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போச்சு.

நம் பக்கமும் இது புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷன் என்ற மலையுச்சியிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்கு ரோப்வேயில் இறங்கித்தான் போடிக்குப் போனது.

சோளிங்கரில் ஓடுவது கிணற்றின் இரட்டை வாளி மாதிரி: ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும். இரண்டு பக்க எடையின் வித்தியாசத்தைத்தான் மோட்டார் இழுக்கிறது. அதனால் ஒரு பெட்டிக்கு நாலு பேர் என்றால் நாலு பேர்தான். "பாப்பா மடியில உட்காரும் சார்" என்று ஆபரேட்டரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

பெட்டியை ரோப்போடு கவ்வும் கிளாம்ப் ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடம் தேயும். அவ்வப்போது கழற்றி, தள்ளி மாட்ட வேண்டும். பராமரிப்பு என்று போர்டு மாட்டுவது இந்த மாதிரி வேலைக்குத்தான். அன்றைக்குப் போய் நின்றால் 1305 படி காத்திருக்கும்! காற்று பலமாக அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் கோயிலுக்கு ஒரு போன் போட்டு, ஓடுகிறதா, கீழும் மேலும் எத்தனை படி நடக்கணும், சக்கர நாற்காலி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரருக்குப் பெட்டியை விட அந்தச் சில படிகள்தான் சோதனை. நடுவில் பெட்டி நின்றால் பதற வேண்டாம், ஆட்டாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

2024 மார்ச்சில் திறந்த இந்த ரோப் கார் நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு மட்டும். யோக ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு 406 படி, ஏறித்தான் ஆகணும். இதை அம்மாவிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் மனசு கேட்காது, ஏறுவேன் என்பார். கார்த்திகை மாசக் கூட்டத்தில் கூட்டிப் போக வேண்டாம். பெரம்பூரில் அரக்கோணம் லோக்கல் பிடித்து, அங்கிருந்து பஸ். தேங்காய்ப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் விடாது. அம்மாவின் கண்ணாடிக்கும் ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.