‘இன் ஓடர்’ என்றால் வரிசைப்படி என்று அர்த்தமா?

கேள்வி: ஒழுங்கைக் குறிக்க ஆங்கிலத்தில் ஓடர், அரேஞ்ச்மென்ட், சீக்குவன்ஸ் என்று பல சொற்கள் இருக்கின்றனவே, எல்லாம் ஒன்றுதானா? எப்படி மனப்பாடம் செய்வது?

ஒன்றல்ல. மனப்பாடமும் செய்யாதீர்கள். நீங்கள் பரீட்சைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ ஆயத்தமாகிறீர்கள் என்று நினைக்கிறேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ‘ஒழுங்கு, வரிசை’ என்று அச்சடித்த தாள் ஒன்றை ரியூசன் வகுப்பில் தந்திருப்பார்கள். என்னிடமும் அப்படி ஒரு தாள் இருந்தது. அதை நம்பி நான் எழுதிய ஒரு வரியால் ஒரு தாய்க்கு வீடு கிடைப்பது பிந்தியது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, மட்டக்களப்பில் வீடு கட்டிக்கொடுக்க வந்த நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். உயர்தரத்தில் ஆங்கிலம் படித்திருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கல்லடி, நாவலடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கான அறிவித்தல் ஒன்று இரவு வந்தது. காலையில் முகாம்களில் ஒட்டவேண்டும். ஆவணங்கள் எல்லாம் ‘இன் ஓடர்’ ஆக இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு வரவேண்டும் என்று அதில் இருந்தது. நான் ‘ஆவணங்கள் அனைத்தையும் வரிசைப்படி கொண்டுவரவும்’ என்று எழுதினேன். யாரும் சரிபார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதிவு நடந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கடதாசிகளின் ஓரத்தை வெள்ளை நூலால் தைத்துக் கொண்டுவந்திருந்தார். மேல் மூலையில் பென்சிலால் ஒன்று முதல் ஏழு வரை இலக்கம். அடையாள அட்டைப் பிரதி, விவாகப் பதிவு, கிராம சேவகரின் கடிதம், பிறகு இரண்டு மரணச் சான்றிதழ்கள். ஆறாவதாகக் காணி அனுமதிப்பத்திரம். அது எப்போதோ இறந்துபோன தகப்பனின் பெயரில் இருந்தது, மாற்றப்படவில்லை. அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு ‘நொட் இன் ஓடர்’ என்றார். அதை நான்தான் தமிழில் சொல்லவேண்டும்.

“வரிசையாகத்தானே மகன் வைத்திருக்கிறேன், எது மாறிக் கிடக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே அவர் நூலைப் பிரிக்கத் தொடங்கினார்.

எதுவும் மாறிக் கிடக்கவில்லை. அந்த இடத்தில் ‘இன் ஓடர்’ என்றால் குறைவில்லாமல், சட்டப்படி செல்லுபடியாக இருப்பது. அதை அப்படியே எழுதியிருந்தால் அந்த மூன்று வாரத்தில் அவர் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருப்பார். அவருடைய கோவை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. அறிவித்தலை அன்றே திருத்தி ஒட்டினோம். அவருக்கு அது உதவவில்லை.

‘சூழல்தான் பொருளைத் தரும், இதில் என்ன புதுமை’ என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். நான் மொழியியல் படித்தவன் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லை விடாமல் துரத்தியிருக்கிறேன். ஓடர் என்பதன் மூலம் லத்தீனில் ‘ஓர்டோ’. தறியில் நிரையாக நிற்கும் நூல்களையே அது முதலில் குறித்தது என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. இதை வாசித்ததும் மருதமுனையில் ஒரு தறிக்கொட்டிலில் பார்த்தது நினைவுக்கு வந்தது. பாவில் ஓர் இழை அறுந்ததும் நெசவாளர் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி முடிந்துவிட்டுத்தான் மறுபடி தொடங்கினார். நிரை பிசகினால் துணியே பிழை. வரிசை என்ற சொல் எப்படிச் ‘சரியாக இருத்தல்’ ஆனது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. ஆங்கிலத்துக்குள் அது 13ஆம் நூற்றாண்டில் துறவியர் சபை என்ற பொருளில் நுழைந்தது. கட்டளை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் வந்தது.

அரேஞ்ச் வேறு குடும்பம். போருக்கு ஆட்களை அணிவகுப்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. ராங்க் அதன் உறவு. ஆகவே அதில் எப்போதும் அடுக்குகிற ஒரு கை இருக்கும். சீக்குவன்ஸ், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வது, அவ்வளவுதான். ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தில் ஓடருக்கும் அரேஞ்ச்மென்டுக்கும் தனித்தனித் தலைப்பு, முறையே 58, 60. ஒன்று நிலை, மற்றது செயல் என்று அவர் பிரித்துவைத்திருக்கிறார்.

நம்மிடமும் இந்தப் பிரிவு இருக்கிறது. தபால் கந்தோரில் காசுக்கட்டளை, பாராளுமன்றத்தில் நிலையியற் கட்டளை, அதே சபையில் ஒழுங்குப் பிரச்சினை, பெயர்ப் பட்டியலுக்கு அகர வரிசை. நான்கிலும் ஆங்கிலத்தில் ஓடர்தான். தமிழாக்கியவர்கள் மூன்று சொல்லாகப் பிரித்திருக்கிறார்கள். நிகண்டுகளோ ரோஜேக்குப் பல நூற்றாண்டு முன்பே சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தவை. தமிழில் நுட்பம் போதாது என்று காரைதீவுப் பக்கம் நின்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த மண் அது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. இன்றும் நான் பார்க்கும் படிவங்களில் தமிழ் கடைசியாக, இரவோடு இரவாக, நாட்கூலிக்கு எழுதப்படுகிறது. ஆங்கிலப் பிரதியை நான்கு பேர் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். தமிழ்ப் பிரதியை இரண்டாவது ஆள் வாசிப்பதில்லை. என் பிழையை நான் மறைக்கவில்லை. ஆனால் வாசிக்க ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த வரி சுவருக்குப் போயிருக்காது.

உங்கள் தாளில் ‘இன் ஓடர்’ என்பதற்கு எதிரே வரிசை என்று மட்டும் இருந்தால், பக்கத்தில் ‘குறைவின்றிச் சரியாக’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தாளைத் தந்த ஆசிரியரிடமும் சொல்லுங்கள், அவர் அதை இன்னும் பலருக்குக் கொடுத்திருப்பார்.