அகோ எப்போது, பிஃபோர் எப்போது?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். தேயிலை வாங்கும் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில், ‘இரண்டு வாரங்களுக்கு முன் மாதிரி அனுப்பினோம்’ என்பதை ‘வீ சென்ட் த சாம்பிள் பிஃபோர் டூ வீக்ஸ்’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டு ‘டூ வீக்ஸ் அகோ’ என்று திருத்தினார். இரண்டு சொல்லுக்கும் அகராதியில் ‘முன்பு’ என்றே பொருள் இருக்கும்போது, நான் எழுதியது எப்படிப் பிழையாகும்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மேலாளர் திருத்தியது சரியே. ஆனால், இது கவனக்குறைவால் வரும் பிழையன்று. தமிழில் முறையாகச் சிந்திப்பவருக்கு இயல்பாகவே வருவது. ‘திங்கட்கிழமைக்கு முன்’ என்றாலும் ‘இரண்டு வாரங்களுக்கு முன்’ என்றாலும், நான்காம் வேற்றுமை உருபைச் சேர்த்து ‘முன்’ என்று முடித்துவிடுகிறோம். ஆங்கிலமோ இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. திங்கட்கிழமை குறிப்பிட்ட ஒரு நாள். அதற்கு முன்னால் பிஃபோர் வரலாம். இரண்டு வாரம் என்பது கால அளவு. அதற்கு முன்னால் பிஃபோரை வைத்தால், ‘இரண்டு வாரம் முடிவதற்குள் அனுப்பினோம்’ என்று படிப்பவர் பொருள்கொள்ள இடமுண்டு. சரக்கு எப்போது அனுப்பப்பட்டது என்பதை வைத்தே அடுத்த முடிவை எடுக்கிற வணிகக் கடிதத்தில் இதைச் சிறிய குழப்பம் என்று ஒதுக்க முடியாது.

அகோ என்பது, ‘கடந்துபோதல்’ என்னும் பொருளுடைய ஒரு பழைய ஆங்கில வினையின் எச்ச வடிவம் தேய்ந்து உருவான சொல். ‘டூ வீக்ஸ் அகோ’ என்றால், ‘இரண்டு வாரம் கழிந்தது’ என்பதே அடிப்படைப் பொருள். கால அளவு முதலிலும் அகோ அதன் பின்னும் நிற்பது இதனால்தான். அந்தக் கழிவை எப்போதும் இன்றிலிருந்தே பின்னோக்கி எண்ண வேண்டும்.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ரயில் வந்தது. உதகைக்கு 1908-இல் நீட்டிக்கப்பட்டது. இன்றைய நாளில் நின்று, உதகைக்கு ரயில் வந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது என்று சொல்ல வேண்டுமானால், ‘ஓவர் எ ஹன்ட்ரட் இயர்ஸ் அகோ’ என்போம். ஆனால், 1908-ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், குன்னூருக்கு அதற்கும் ஒன்பது ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், அங்கே அகோ பொருந்தாது; ‘நைன் இயர்ஸ் பிஃபோர்’ அல்லது ‘நைன் இயர்ஸ் எர்லியர்’ என்றே எழுத வேண்டும். இங்கும் பிஃபோர், கால அளவுக்குப் பின்னால் நிற்பதைக் கவனியுங்கள்.

பள்ளியில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது அகோவைப் பிஃபோர் ஆக்கச் சொல்லித் தந்ததன் காரணமும் இதுவே. பலரும் காரணம் அறியாமலே மனப்பாடம் செய்த விதி அது. ஒருவர் என்றோ சொன்னதை இன்று நாம் எடுத்துச் சொல்லும்போது, எண்ணத் தொடங்கும் நாள் இன்றாக இராமல், அவர் பேசிய நாளாகிவிடுகிறது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அகோ வருமிடத்தில் வினை எளிய இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். ‘வீ ஹேவ் சென்ட் த சாம்பிள் டூ வீக்ஸ் அகோ’ என்பது அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி தென்படும் பிழை. ஹேவ் இல்லாமல் ‘வீ சென்ட்’ என்பதே போதும். கால அளவு எதையும் சொல்லாமல், ‘இதற்கு முன் அனுப்பியிருக்கிறோம்’ என்று மட்டும் சொல்வதானால், ‘வீ ஹேவ் சென்ட் இட் பிஃபோர்’ என்பதில் தவறேதும் இல்லை.

‘டூ வீக்ஸ் பேக்’ என்பது பேச்சில் செல்லும். கடிதத்துக்கு அகோவே ஏற்றது. ‘லாங் பேக்’ என்பது பெரும்பாலும் இந்திய ஆங்கிலத்துக்கே உரிய வழக்கு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எழுதும்போது அதைத் தவிர்த்து, ‘லாங் அகோ’ என்றே எழுதுங்கள்.