வாங்கும் முன் கேளுங்கள்: தோல் பையில் பச்சை பிடித்த காலணா

கேள்வி: தாத்தாவின் தோல் சுருக்குப்பையில் காலணாவும் வெள்ளி ரூபாயும் இருபது வருஷமாக பீரோவில் கிடந்தன. இப்போது காலணாவில் பச்சைப் பசை, ரூபாயில் கறுப்பு. யாரும் தொடவே இல்லையே?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தோல் இருபது வருஷமும் தொட்டுக்கொண்டுதானே இருந்தது அம்மா!

ஆவாரம்பட்டையை வாயில் போட்டால் துவர்க்குமே, அந்தத் துவர்ப்பில்தான் நம் பக்கத்தில் காலங்காலமாகத் தோல் பதனிட்டார்கள். பதனிட்ட தோலில் அமிலம் மிச்சம் இருக்கும், மிருதுவாக்க ஏற்றிய கொழுப்பும் இருக்கும். இரண்டும் காலணாவின் செம்போடு சேர்ந்தால் பச்சைப் பசை கட்டும். மழைக்காலத்தில் தோல் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும், அப்போது அரிப்பு வேகமெடுக்கும். பசைக்கு அடியில் குழி விழுந்துவிட்டால் திரும்ப நிரவ வழியில்லை. வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். தோலிலேயே அது உண்டு, மயிர் நீக்கப் போடும் சோடியம் சல்ஃபைடிலும் உண்டு. 1939 வரை அடித்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, மிச்சத்தில் பெரும்பங்கு செம்பு. அதனால் அதிலும் பச்சை எட்டிப் பார்க்கும்.

இதில் எனக்குத் தீராத ஆத்திரம் ஒன்று உண்டு. பத்து வருஷம் முன் ஒரு கண்காட்சியில், 'நாணயம் சேர்ப்பவர்களுக்கென்றே செய்தது' என்று சொன்னதை நம்பி 1,400 ரூபாய்க்குத் தோல் ஆல்பம் வாங்கினேன். இரண்டே மழைக்காலம். எட்டுக் காலணாவில், தோல் பட்ட விளிம்பு முழுக்கப் பச்சை வளையம். ஒன்றில் வருஷ எண்ணே அரித்துப் போய்விட்டது. அது என் அப்பா கொடுத்த காசு. விற்றவருக்குத் தோல் செம்பை என்ன செய்யும் என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. நாணயம் வைக்கும் பொருளை விற்பவர், அது எதனால் ஆனது என்று அட்டையில் எழுதியே ஆக வேண்டும்.

காசுகளை இன்றே பையிலிருந்து எடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினில் சில நாள் ஊறவிட்டு, மரப் பல்குச்சியால் பசையை மெதுவாக நகர்த்துங்கள். கறுப்பை விட்டுவிடுங்கள். பிறகு பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நாற்றமடிக்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அதுவும் பச்சை கட்ட வைக்கும். பையைத் தாத்தா நினைவாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமே?
– வாசகர், ஓசூர்

பதில்: பளபளக்கும், காசின் மேல்தோலும் போகும். சேகரிப்பவர் பாதி விலைகூடத் தரமாட்டார். தேய்க்காதீர்கள்.

கேள்வி: பர்ஸில் கறுத்துப்போன பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார்.
– வாசகர், பர்கூர்

பதில்: நிறம் மாறினாலும் செல்லும். வங்கியில் கட்டுங்கள்.

கேள்வி: 'ஒரிஜினல் லெதர்' என்று ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய பர்ஸ் மூன்றே மாதத்தில் செதில் செதிலாக உரிகிறது. பில்லை அழித்துவிட்டேன்.
– வாசகர், அரூர்

பதில்: உரிகிறது என்றால் பெரும்பாலும் துணிமேல் பூசிய பிளாஸ்டிக். பில்லைப் பத்திரப்படுத்துங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? உங்கள் கணக்கில் ஆர்டர் விவரம் இருக்கும், உடனே படமெடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: பழைய காசுக்கு ஐந்து லட்சம் தருவதாக போனில் சொன்னார்கள். 'ரிசர்வ் வங்கிக் கட்டணம்' என்று 2,350 ரூபாய் அனுப்பினேன். இப்போது எடுப்பதில்லை. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, பாலக்கோடு

பதில்: வெட்கப்பட வேண்டியது அவர்கள், நீங்கள் இல்லை. ரிசர்வ் வங்கி அப்படிக் கட்டணம் வாங்குவதே இல்லை. இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. இதைப் படித்ததும் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அனுப்பிய ரசீது எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள் அம்மா. அடுத்த போன் அவர்களுக்கும் வரலாம்.